டப்பாவுக்கு யார் பொறுப்பு?

“மாட்டிட்டு மறந்துடணும் சார். மறக்க முடியலன்னா அது நல்ல டப்பா இல்ல.”

ஆலத்தியூரில் தொடங்கி செந்துறை, அரியலூர் என்று சிமென்ட் லாரி போகிற வழியெல்லாம் இந்தப் பேச்சைக் கேட்டிருக்கிறேன். சொல்பவர்கள் விவரம் தெரியாதவர்கள் அல்ல. இன்ஸ்ட்ருமென்ட் பிரிவில் இருபது வருடம் தேய்ந்தவர்கள், டெண்டர் எழுதுகிறவர்கள், கம்ப்யூட்டர் பிரிவைக் கட்டி மேய்ப்பவர்கள். அவர்கள் டப்பா என்பது சீரியல் டிவைஸ் சர்வரை. உள்ளங்கை அகல இரும்புப் பெட்டி. ஒரு பக்கம் ஒன்பது முள் சாக்கெட், மறுபக்கம் நெட்வொர்க் கேபிள் செருகும் துளை, நெற்றியில் நாலைந்து விளக்கு. எடை இண்டிகேட்டர், மின் மீட்டர், புகைபோக்கியில் தூசி அளக்கும் கருவி எல்லாம் சீரியலில் பேசும். கம்ப்யூட்டர் அறைக்கு நெட்வொர்க் மொழிதான் தெரியும். நடுவே நின்று இரண்டு பக்கமும் பேசுவது டப்பா.

எதிர்க்கட்சியின் வாதத்தை முதலில் ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில் பாதி உண்மை. டப்பாவுக்குள் சுழல்கிற பாகம் ஒன்றும் இல்லை. ஃபேன் இல்லை, ஹார்ட் டிஸ்க் இல்லை. தூசியிலும் வெயிலிலும் ஏழெட்டு வருடம் கேள்வி கேட்காமல் ஓடும். அதைத் தொட்டுக் கெடுத்தவர்கள் உண்டு. தொடாமல் கெடுத்தவர் யாரென்று கேட்டால் பதில் வராது. கில்னும் மில்லும் நின்றால் லட்சக்கணக்கில் நஷ்டம். அந்தக் கவலைகளுக்கு நடுவே சில ஆயிரம் ரூபாய் டப்பாவை யார் தினம் நினைப்பது? அது வயருக்குப் பதிலாக வந்தது, வயரை யாராவது பராமரிக்கிறார்களா? கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு வரியிலும் ஒரு ஓட்டை.

இந்த வட்டாரத்தில் இந்த டப்பா ஏன் இவ்வளவு பெருகியது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அரியலூர் அரசு சிமென்ட் ஆலை 1979இல் வந்தது. கருவிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ள மோடிகான் கம்பெனி மோட்பஸ் என்ற முறையை வெளியிட்டதும் அதே 1979. இன்று ராம்கோ என்று அழைக்கப்படும் அன்றைய மெட்ராஸ் சிமென்ட்ஸ் ஆலத்தியூரில் ஆலை போட்டது 1997இல். சீரியல் போர்ட்டை நெட்வொர்க் வழியாக இயக்குவதற்கான ஆர்எஃப்சி 2217 என்ற பொது விதி வெளியானது அதே வருடம் அக்டோபரில். சுண்ணாம்புக்கல் படுகையைச் சுற்றி ஒன்றன்பின் ஒன்றாக ஆலைகள் எழுந்த காலமும், பழைய கருவிகளைப் புதிய நெட்வொர்க்கில் கோத்த காலமும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. அதனால்தான் இங்கே பேனலைத் திறந்தால் டப்பா இல்லாத பேனல் அரிது.

இனி மறுப்பு.

1. வயருக்கு எப்போதிலிருந்து பாஸ்வேர்ட் வந்தது?

வயரில் ஒரு முனையில் போட்டது மறுமுனையில் அப்படியே வரும். டப்பாவுக்குள் ஒரு பிராசசர் இருக்கிறது, ஒரு சின்ன ஆபரேட்டிங் சிஸ்டம் இருக்கிறது, ஐபி முகவரி இருக்கிறது, வெப் பக்கம் இருக்கிறது, பெரும்பாலும் தூரத்திலிருந்து கட்டளையிட டெல்நெட்டும் இருக்கிறது. எழுத்துகளைச் சேர்த்துவைக்கும் கிடங்கும் இருக்கிறது. இதைக் கம்ப்யூட்டர் என்று சொல்லாமல் வேறு என்னவென்று சொல்வது? மானிட்டர் இல்லாததால் நமக்கு அப்படித் தெரியவில்லை, அவ்வளவுதான்.

அந்தக் கிடங்கில்தான் வில்லங்கம். மோட்பஸ் ஆர்டியு முறையில் ஒரு செய்தி எங்கே முடிகிறது என்பதை எழுத்து சொல்வதில்லை, மௌனம் சொல்கிறது. மூன்றரை எழுத்து நேரம் சும்மா இருந்தால் செய்தி முடிந்தது என்று பொருள். விநாடிக்கு 9600 பிட் வேகத்தில் அது நான்கு மில்லி விநாடி. வயரில் அந்த மௌனம் அப்படியே போய்ச் சேரும். டப்பாவோ எழுத்துகளைச் சேர்த்து மூட்டை கட்டி நெட்வொர்க்கில் அனுப்புகிறது. ரயில்வே கேட்டில் நிற்கும் லாரிகளைப் பாருங்கள்: பத்து நிமிட இடைவெளியில் கிளம்பிய வண்டிகள் கேட் திறந்ததும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு போகும். எது எந்தக் குவாரியிலிருந்து எத்தனை மணிக்குக் கிளம்பியது என்று அந்தப் பக்கம் நிற்பவனுக்குத் தெரியாது. மூட்டையை எப்போது கட்ட வேண்டும், எந்த எழுத்து வந்ததும் அனுப்ப வேண்டும், எவ்வளவு நேரம் காத்திருக்கலாம் என்று டப்பாவிடம் சொல்ல வேண்டியது நம் வேலை. சொல்லாவிட்டால் அது தன் இஷ்டப்படி கட்டும். வயருக்கு இஷ்டம் கிடையாது.

2. “பச்சை லைட் எரியுதுல்ல?”

எரிகிறது. மின்சாரம் வருகிறது, கேபிள் செருகியிருக்கிறது, எழுத்துகள் ஓடுகின்றன. பச்சை விளக்குக்கு இவ்வளவுதான் தெரியும். ஓடுகிற எழுத்து சரியான எழுத்தா என்பது அதன் கவலை அல்ல. ‘ஓடுற வண்டியில கை வைக்காதே’ என்ற கட்சிக்காரர்கள் ஓடுவதையும் சரியாக ஓடுவதையும் ஒன்றாக்கிவிடுகிறார்கள். நானே கண்ட ஒன்றைச் சொல்கிறேன்.

ஐப்பசி மாதம். ஒரு தனியார் எடைமேடை. இரண்டு மேடைகள்: லோடு வண்டிக்கு ஒன்று, காலி வண்டிக்கு ஒன்று. அன்று காலி மேடையில் ரிப்பேர் என்று எல்லா வண்டியையும் லோடு மேடையிலேயே ஏற்றினார்கள். ஒரு பத்துச் சக்கர லாரி கல்லோடு ஏறி நின்றது. இண்டிகேட்டரில் சிவப்பு எழுத்தில் 28,340. எடை போடும் பையன் பட்டனைத் தட்டினான். சீட்டில் 9,610.

“தம்பி, கல்லு ஏத்திட்டு வந்திருக்கேன். காலி வண்டி எடைய அடிச்சுக் கொடுக்கிறியே.”

“சிஸ்டத்துல அப்படித்தாண்ணே வருது.”

சிஸ்டத்தில் அப்படித்தான் வந்தது. 9,610 அவருக்கு முன்னால் ஏறி இறங்கிய காலி வண்டியின் எடை. இண்டிகேட்டர் விநாடிக்குப் பத்துத் தடவை, தடவைக்குப் பதினாறு எழுத்து என்று ஓயாமல் எடையைச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. எடை மென்பொருள் பட்டனைத் தட்டும்போது மட்டும் டப்பாவோடு இணைப்பைத் திறந்து, வருகிற முதல் வரியை எடுத்துக்கொண்டு மூடிவிடும். மூடியிருக்கும் நேரத்தில் டப்பா சும்மா இராமல் எழுத்துகளைக் கிடங்கில் சேர்த்தது. நாலாயிரம் எழுத்துக் கிடங்கு இருபத்தைந்து விநாடியில் நிரம்பிவிடும். அந்த இருபத்தைந்து விநாடியும் மேடையில் நின்றது சீட்டு வாங்கிக்கொண்டிருந்த முந்தைய வண்டி. கிடங்கு நிறைந்தபின் புதிதாக வந்ததையெல்லாம் கீழே போட்டுவிட்டது. அடுத்த வண்டிக்கு இணைப்பைத் திறந்ததும் முதலில் வெளியே வந்தது பழைய எடை.

அப்படியானால் டப்பாவை மாற்றிய நான்கு நாளாக ஒவ்வொரு சீட்டிலும் முன்னால் போன வண்டியின் எடை. லோடு மேடையில் லோடு வண்டிகளே வந்ததால் வித்தியாசம் முந்நூறு, நானூறு கிலோ. ஓரிருவர் முணுமுணுத்தார்களாம், வண்டி ஆடினால் அப்படித்தான் என்று அனுப்பிவிட்டார்கள். இதில் எனக்கு இன்னும் ஆறாத விஷயம் கணக்கு. ஒவ்வொருவர் எடையும் அடுத்தவருக்குப் போனதே தவிர எதுவும் காணாமல் போகவில்லை, ஆகவே அன்றன்றைய மொத்தக் கூட்டல் கிட்டத்தட்டச் சரியாகவே வந்தது. கணக்குப்பிள்ளை டேலி பார்த்துக் கையெழுத்துப் போட்டிருந்தார். ஒருவருக்கு நானூறு கிலோ கூடுதல் பணம், அடுத்தவருக்கு நானூறு கிலோ நஷ்டம், மொத்தத்தில் எல்லாம் சுபம்!

எடைமேடைக்கு வருடத்துக்கு ஒரு முறை முத்திரை போடுகிறார்கள். 2011ஆம் வருட எடையளவு விதிகள் அதைத்தான் கேட்கின்றன. ஆய்வர் எடைக்கற்களை ஏற்றிப் பார்க்கிறார். அங்கே முத்திரைக் கம்பி இண்டிகேட்டரின் முதுகில்தான் தொங்கியது. 28,340 என்று இண்டிகேட்டர் சரியாகத்தான் காட்டியது. பணம் கைமாறுவதோ அச்சாகும் சீட்டை வைத்து. முத்திரைக்கும் சீட்டுக்கும் நடுவே உட்கார்ந்திருக்கும் டப்பாவை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

புகைபோக்கிக்கும் இதே கதை. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2014 பிப்ரவரியில் பதினேழு வகைத் தொழிற்சாலைகளுக்கு இணையவழித் தொடர் கண்காணிப்பைக் கட்டாயமாக்கியது. சிமென்ட் அதில் ஒன்று. கருவி அளந்த அளவு டப்பாவில் சிக்கிக்கொண்டால் வாரியத்தின் திரையில் என்ன தெரியும்? ஒன்று வெற்றிடம், அல்லது மணிக்கணக்காக அசையாத ஒரே எண். தூசியே வெளியிடாத நாளில்கூட மறைக்கிறார்கள் என்ற சந்தேகத்தைச் சம்பாதித்துக்கொள்ளலாம்.

3. “வெளியே கனெக்‌ஷனே இல்ல சார், யார் வந்து ஹேக் பண்ணப் போறாங்க?”

எடைமேடை அறைக்குள் போய் மேசைக்கு அடியில் பாருங்கள். மென்பொருள் விற்றவர் தூரத்திலிருந்தே சரிபண்ணுவதற்கென்று ஒரு சிம் கார்டு ரூட்டர் தூசி படிந்து மினுக்கிக்கொண்டிருக்கும். கம்ப்யூட்டரில் ஏதாவது ஒரு தொலைதூர இயக்க மென்பொருள் எப்போதும் திறந்திருக்கும். இணைப்பு இல்லை என்று சொல்பவருக்கு அந்த ரூட்டர் இருப்பதே தெரியாது, ஏனென்றால் அதற்கும் யாரும் பொறுப்பில்லை.

2013 ஏப்ரலில் ரேபிட்7 நிறுவனத்தின் ஆய்வாளர் எச்.டி. மூர் இணையத்தில் துழாவியபோது ஒரு லட்சத்துப் பதினான்காயிரத்துக்கும் மேற்பட்ட இத்தகைய சர்வர்கள் வெட்டவெளியில் கிடந்தன. பெரும்பகுதி செல்போன் நெட்வொர்க் வழியாக இணைக்கப்பட்டவை, அதாவது நம் மேசைக்கடி ரூட்டரின் சொந்தக்காரர்கள். பதின்மூவாயிரத்துக்கும் மேற்பட்டவற்றில் பாஸ்வேர்ட் கேட்காமலே உள்ளே போக முடிந்தது. அதில் ஒரு நுட்பம் உண்டு. சீரியல் போர்ட்டுக்கு ஆள் வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. ஒருவர் நெட்வொர்க் வழியாக வந்து, சீரியல் முனையிலுள்ள கருவியில் பாஸ்வேர்ட் போட்டு வேலை பார்த்துவிட்டு, ஜன்னலை மூடிவிட்டுப் போகிறார். கருவியைப் பொறுத்தவரை அவர் இன்னும் உட்கார்ந்திருக்கிறார். அடுத்து வருபவர் பாஸ்வேர்ட் இல்லாமல் அவருடைய நாற்காலியிலேயே உட்காரலாம். வேலை இல்லாமல் இத்தனை நிமிடம் போனால் வெளியேற்று என்று சொல்லிவைத்தால் இந்த வாசல் அடைபடும். அதைச் சொல்லிவைப்பதும் பராமரிப்பு இல்லாமல் வேறென்ன?

2015 டிசம்பர் 23. உக்ரைனில் மூன்று மின் விநியோக நிறுவனங்களுக்குள் நுழைந்தவர்கள் சுமார் இரண்டேகால் லட்சம் இணைப்புகளை இருட்டில் தள்ளினார்கள். சுவிட்சை அணைத்ததோடு அவர்கள் நிற்கவில்லை. துணை மின் நிலையங்களில் இருந்த சீரியல்-ஈதர்நெட் டப்பாக்களுக்குள் குப்பை ஃபர்ம்வேரை (டப்பாவை இயக்கும் உள்மென்பொருள்) ஏற்றிச் செங்கல்லாக்கிவிட்டுப் போனார்கள். கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்து மின்சாரத்தைத் திரும்பக் கொடுக்க வழியில்லை. ஆட்கள் வேனில் ஏறி ஒவ்வொரு நிலையமாகப் போய்க் கையால் இழுத்துவிட வேண்டியிருந்தது. சில மணி நேரத்தில் விளக்கு வந்துவிட்டது, ஆனால் செத்த டப்பாக்கள் மாதக்கணக்கில் தொல்லை கொடுத்தன. யாரும் நினைத்தே பார்க்காத ஒரு சாமானை எதிரி தேடிப் பிடித்து நினைத்திருக்கிறான்.

நமக்கு அவ்வளவு பெரிய எதிரி வேண்டாம். பல தயாரிப்புகளின் ஃபேக்டரி பாஸ்வேர்ட் கையேட்டின் முதல் சில பக்கங்களிலேயே அச்சாகியிருக்கிறது. கையேடு எல்லோருக்கும் கிடைக்கும்.

இன்னொன்று: 2022 ஏப்ரல் 28 அன்று கணினிப் பாதுகாப்பைக் கவனிக்கும் மத்திய அரசு அமைப்பான செர்ட்-இன் பிறப்பித்த உத்தரவு, நிறுவனங்கள் தங்கள் கணினி அமைப்புகளின் பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும், கடிகாரங்களை ஒரே நேரத்தோடு இணைக்க வேண்டும் என்கிறது. மின்தடைக்குப் பிறகு ஒவ்வொரு முறையும் 2000 ஜனவரி 1க்குத் திரும்பிவிடும் டப்பாவின் பதிவை வைத்துக்கொண்டு என்ன நடந்தது என்று யாருக்குச் சொல்வது?

4. “கெட்டா வேற மாட்டிக்கிறோம். ஸ்பேர் இருக்கு.”

இதைத்தான் அந்த எடைமேடையிலும் செய்தார்கள்.

ராத்திரி இடி. காலையில் டப்பா கருகிக் கிடந்தது. கெட்டிக்காரப் பையன் ஒருவன் அலமாரியிலிருந்து ஸ்பேரை எடுத்து, பழைய ஐபியைப் போட்டு, வேகம் 9600 என்று வைத்து, அரை மணியில் எடை வரவைத்துவிட்டான். எல்லோரும் பாராட்டினார்கள். நான் இருந்தாலும் பாராட்டியிருப்பேன். பழைய டப்பாவில், இணைப்பு திறந்ததும் கிடங்கைக் காலிசெய் என்று ஒரு தேர்வு இருந்தது. முதன்முதலில் மாட்டியவர் எப்போதோ ஒரு சாயங்காலம் உட்கார்ந்து கண்டுபிடித்து வைத்த தேர்வு. எங்கும் எழுதவில்லை. புது டப்பாவில் ஃபேக்டரி வைத்தபடி அது அணைந்திருந்தது. பெட்டியை மாற்றினார்கள், பெட்டிக்குள் இருந்த அறிவை மாற்றவில்லை.

அமைப்புகளை ஒரு ஃபைலாக இறக்கி வைத்திருந்தால் ஸ்பேரில் ஏற்ற ஐந்து நிமிடம். அந்த ஃபைல் யாரிடமும் இல்லை. இறக்கலாம் என்று கேட்டபோது இன்னொரு தமாஷ் வெளிவந்தது: அந்த டப்பாவின் வெப் பக்கத்தை இன்றைய பிரவுசர் திறக்க மறுக்கிறது, அதன் நிர்வாக மென்பொருள் ஒரு பழைய எக்ஸ்பி கம்ப்யூட்டரில் மட்டும் இருந்தது, அந்தக் கம்ப்யூட்டரைப் போன வருடம் காயலான் கடைக்குப் போட்டுவிட்டார்கள்.

சரி, கருகியது ஏன்? மாற்றினோம், ஓடுகிறது, பிறகென்ன கேள்வி என்பது மறதிக் கட்சி. ஒன்பது முள் கேபிளைப் பதினைந்து மீட்டருக்கு மேல் இழுக்காதே என்பது கைப்பழக்கமான கணக்கு. அங்கே மேடையிலிருந்து அறைக்கு நாற்பது மீட்டர் ஓடியது. மேடைக்கு ஒரு எர்த், அறைக்கு ஒரு எர்த், கேபிளின் உறை இரண்டு முனையிலும் கட்டப்பட்டிருந்தது. இடி விழும்போது இரண்டு எர்த்துக்கும் இடையே எழும் மின்னழுத்த வித்தியாசம் அந்த உறை வழியாகப் பாய்கிறது. வழியில் கிடைத்தது டப்பா. இவ்வளவு தூரத்துக்கு ஆர்எஸ்-485 என்ற சீரியல் இணைப்புக்கு மாறியிருக்க வேண்டும்: 1,200 மீட்டர் தாங்கும், இரு கடைசியிலும் 120 ஓம் தடை கட்ட வேண்டும், மின் தனிமைப்படுத்தல் உள்ள போர்ட் வாங்க வேண்டும். ஸ்பேர் மாட்டுவது வைத்தியம் என்றால் வருடா வருடம் ஐப்பசிக்கு ஒரு டப்பா படையல்.

5. கவனிக்க ஆள் எங்கே என்கிறார்கள்.

இது ஒன்றுதான் நேர்மையான கேள்வி. டப்பா மூன்று பிரிவுகளின் எல்லைக்கல்லில் உட்கார்ந்திருக்கிறது. சீரியல் முனை இன்ஸ்ட்ருமென்ட், 24 வோல்ட் சப்ளை எலெக்ட்ரிகல், நெட்வொர்க் முனை கம்ப்யூட்டர் பிரிவு. மூவரும் தங்கள் முனை வரை சரி என்று நிரூபித்துவிட்டு டீ குடிக்கப் போய்விடலாம். ஒரு பேனல் கதவின் உட்புறம் ஒட்டிய தாளில் பொறுப்பு என்ற கட்டத்தைப் பார்த்தேன்: ஐடி என்று எழுதி அடித்து, இன்ஸ்ட்ருமென்ட் என்று எழுதி அதையும் அடித்து, கடைசியில் பென்சிலால் ‘வெண்டர்’ என்றிருந்தது. வெண்டர் கடையை மூடி வருடங்களாகின்றன.

ஆள் பற்றாக்குறை என்று சொல்பவர்கள் வேலையின் அளவை ஊதிப் பெருக்குகிறார்கள். எல்லா டப்பாவுக்கும் ஒரு பட்டியல்: எங்கே இருக்கிறது, என்ன ஐபி, எந்த ஃபர்ம்வேர், மறுமுனையில் எந்தக் கருவி. மாற்றும்போதெல்லாம் அமைப்பு ஃபைலை இறக்கி, டப்பா இல்லாத வேறொரு இடத்தில் வைப்பது. ஃபேக்டரி பாஸ்வேர்டை மாற்றி, டெல்நெட்டை மூடி, டப்பாக்களை ஆபீஸ் நெட்வொர்க்கிலிருந்து பிரிப்பது. கம்ப்யூட்டர் திடீரென்று அணைந்தால் டப்பா ஆள் இன்னும் இருக்கிறார் என்று நினைத்துப் போர்ட்டைப் பிடித்துக்கொண்டே கிடக்கும். அதை எத்தனை நிமிடத்தில் விடுவது என்று குறிப்பது. ஃபர்ம்வேரை முதலில் ஸ்பேரில் ஏற்றிப் பார்த்து, ஒரு வாரம் ஓட்டி, பிறகு ஒவ்வொன்றாக ஏற்றுவது. தொட்டுக் கெடுத்தவர்கள் பெரும்பாலும் எல்லாவற்றையும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் தொட்டவர்கள். முதல் தடவைக்கு இரண்டு நாள், பிறகு மாதத்துக்கு ஒரு முற்பகல். இருபது டப்பா உள்ள இடத்துக்குச் சொல்கிறேன், அதுவும் டீ நேரம் சேர்த்து.

6. “இன்னும் ரெண்டு மூணு வருஷம் சார். சீரியலே போயிடும்.”

சீரியல் போர்ட்டுக்கான ஆர்எஸ்-232 முறை வந்தது 1960இல். நான் வேலைக்குச் சேர்ந்தபோதும் அது போகப்போகிறது என்றுதான் சொன்னார்கள். போன மாதம் அந்த எடைமேடைக்குப் புது இண்டிகேட்டர் வந்தது. தெர்மோகோலைப் பிரித்து மேசைமேல் வைத்து, எல்லோரும் சுற்றி நின்று பார்த்தோம். பெரிய திரை, தமிழில்கூட மெனு. பின்பக்கம் திருப்பினேன். ஒன்பது முள். டப்பாவுக்கு ஆர்டர் போட்டாயிற்று.